அருணையில் வளர்ந்த கணினி வணிகர்

திருகோணமலையில் வாழும் நமக்கு இளமை தொட்டே பழகிய புதிர் ஒன்று உண்டு. குன்றுகளும் மேட்டு நிலங்களும் சூழ்ந்து காக்கப் பெருங்கப்பல்கள் பல ஒருங்கே தங்கத்தக்க ஆழமும் அமைதியும் வாய்ந்த துறைமுகம் நம்முடையது. உலகில் இயற்கையாய் அமைந்த துறைமுகங்களுள் தலைசிறந்த சிலவற்றுள் இதனையும் வைத்து எண்ணுவர் கடலறிவோர். ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொள்ளும் பொருட்டுத் தம்முட் பொருதனர். 1957 ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயக் கடற்படை இங்கே தளங்கொண்டிருந்தது. ஆயினும் வணிகக் கப்பல்கள் திரளாகச் சென்று சேர்ந்தது கொழும்பிலேயாம். அங்கே இயற்கை தந்தது சிறிது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885 இல் நிறைவெய்திய அலைதடுப்பு அணையே அத்துறைமுகத்தைப் பெருந்துறை ஆக்கிற்று. தலைநகரும் புகையிரதப் பாதையும் மலைநாட்டு விளைபொருளும் அங்கே கூடின. ஆதலின் கப்பல்கள் கூடின. கப்பல்கள் கூடினமையால் மேலும் கப்பல்கள் கூடின. சிறந்தது எது என்பது ஒரு வினா. பலரும் கூடுமிடம் எது என்பது வேறொரு வினா. வணிக உலகம் பெரும்பாலும் இரண்டாம் வினாவுக்கே செவிசாய்க்கின்றது.

இவ்வுண்மையைத் தம் வாழ்வில் இருமுறை பட்டறிந்தவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன். அவர் பெயர் ஆடம் ஒஸ்போர்ன். கணினி வணிகஞ் செய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் உரையாடும்போது 'ஒஸ்போர்ன் விளைவு' என்னும் தொடரை எடுத்தாண்டார். புதிய பொருள் வருமுன்னரே அதனைப் பற்றிப் பேசிக் கையிலுள்ள பழைய பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்ளும் பிழைக்கு அது பெயராம். அந்த ஒஸ்போர்ன் யாவர் என்று வினவினேன். மாணாக்கர்க்கு விடை தெரியவில்லை. பிழை மட்டும் நிலைபெற்று மனிதர் மறைந்துபோயினர் போலும்! தேடிப் பார்த்தபோது, அம்மனிதர் நமக்கு அத்துணை அயலவர் அல்லர் என்பது தெரியவந்தது.

அருணையில் இளமை

ஆடம் ஒஸ்போர்ன் 1939 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6 ஆம் நாள் சயாம் நாட்டின் தலைநகராகிய பாங்கொக்கிற் பிறந்தார். தந்தையார் ஆதர் ஒஸ்போர்ன் ஆங்கிலேயர். அந்நகரத்துச் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். தாயார் லூசியா போலந்து நாட்டவர். இருவரும் கீழைத்தேய மெய்ஞ்ஞானத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்கள். 1941 இல் இக்குடும்பம் திருவண்ணாமலைக்கு வந்தது. அங்கே இரமண மகரிஷியின் அருள்நிழலில் மனைவியையும் மக்களையும் விட்டுத் தந்தையார் சயாமுக்கு மீண்டார். சின்னாளில் யப்பானியர் அந்நாட்டிற் புகுந்தனர். ஆதர் ஒஸ்போர்ன் போர் முடியுமட்டும் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தார்.

அவ்வாண்டுகளில் சிறுவன் ஆடம் அருணை மலையின் அடிவாரத்தில் ஓடியாடித் திரிந்தான். அவ்வூர்ச் சிறுவரோடு பழகித் தமிழ் பேசக் கற்றான். தந்தையை மீட்டுத் தருமாறு அச்சிறுவன் மகரிஷியிடம் வேண்டினான் என்றும், அவர் தலையசைத்து அருளினார் என்றும் அக்குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். 1945 இல் போர் ஓய்ந்ததும் தந்தை உயிருடன் திரும்பி வந்தார். அவரே பின்னர், 1954 இல், மகரிஷியின் வாழ்க்கையையும் அவர் காட்டிய நெறியையும் ஆங்கிலத்தில் நூலாக எழுதி மேலைநாட்டார்க்கு அறிவித்தவர்; 1964 இல் ஆசிரமத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய 'மவுண்டன் பாத்' என்னும் இதழின் முதல் ஆசிரியரும் அவரே.

சிறுவன் சிலகாலம் கோடைக்கானலிற் பயின்று, ஏறத்தாழ பதினோராம் வயதில் இங்கிலாந்து சென்றான். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்று 1961 இற் பட்டம் பெற்றார். அமெரிக்கா சென்று டெலவெயர் பல்கலைக்கழகத்தில் 1968 இல் கலாநிதிப் பட்டமும் எய்தினார். பின்பு கலிபோர்னியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்திற் பணியேற்றார். இரசாயனக் கணக்குகளைத் தீர்க்கும் பொருட்டுக் கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகியது அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று.

நூலெழுதிய பொறியியலாளர்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒஸ்போர்ன் பெருநிறுவனப் பணியை விட்டு நீங்கி, தொழில்நுட்ப நூல்கள் எழுதித் தரும் தொழிலைத் தாமே தொடங்கினார். அக்காலத்திற் கணினி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் பேரியந்திரம். அரசுகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களுமே அதனை வைத்திருந்தன. நகத்தளவான சிலிக்கன் சில்லில் கணிக்கும் ஆற்றல் முழுவதையும் அடக்கும் நுண்செயலி தோன்றியபின், 1975 இல், தனியொருவர் தம் வீட்டில் வைத்திருக்கத்தக்க சிறு கணினிகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவருட் பலர்க்கு அதனை எவ்வாறு இயக்குவதென்பதே விளங்கவில்லை. ஒஸ்போர்ன் அவர்கட்காக நுண்கணினி பற்றிய அறிமுக நூலொன்றை எழுதித் தாமே அச்சிட்டார். கலிபோர்னியாவிற் கணினி ஆர்வலர் கூடும் கழகத்துக்கு நூல்களைப் பெட்டியிற் சுமந்து சென்று விற்றார். ஒரு கணினி நிறுவனத்தார் தாம் விற்கும் ஒவ்வொரு பொறியுடனும் இந்நூலின் படியொன்றைச் சேர்த்தே அனுப்பினர். இவ்வாறு வளர்ந்த பதிப்பகத்தை 1979 இல் மக்ரோஹில் என்னும் பெரும் பதிப்பகத்தார் விலைக்கு வாங்கிக்கொண்டனர்.

நூலெழுதுவோர்க்குப் பொருள்களின் குறை தெரியும். எந்தப் பொறியை எவர் எதற்காக வாங்குகின்றனர், வாங்கியபின் எங்கே இடருறுகின்றனர் என்பதை ஒஸ்போர்ன் இதழ்களில் எழுதிவந்தார். கணினி ஆக்குவோரைத் தயவின்றிக் கண்டித்தார். இறுதியில், பிறரைக் குறைகூறி வந்த அவரே களத்தில் இறங்கினார்.

இருபத்துநான்கு இறாத்தற் பெட்டி

1977 முதல் ஆப்பிள், கொமடோர், ராண்டி ஆகிய மூன்று நிறுவனத்தாரும் தனியார் கணினிச் சந்தையைத் தம்முட் பங்கிட்டுவந்தனர். பொறிக்கு ஒரு விலை. அதில் இயங்கும் செய்நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. ஒரு சிறு வணிகர் கணக்கெழுதவும் கடிதம் அடிக்கவும் விரும்பினால், பொறியை ஓரிடத்திலும் செய்நிரலை வேறிடத்திலும் வாங்கி, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று அஞ்சியிருத்தல் வேண்டும்.

ஒஸ்போர்ன் கண்ட வழி எளியது. மிக விரைந்த பொறியும் மிக அழகிய பொறியும் அவர் நோக்கமல்ல. வேண்டுவோர்க்கு வேண்டியது போதிய அளவில் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அமையும் என்பதே அவர் கொள்கை. லீ பெல்சன்ஸ்ரைன் என்னும் பொறியியலாளர் அக்கொள்கைக்கு வடிவங் கொடுத்தார். 1981 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 'ஒஸ்போர்ன் 1' வெளிவந்தது. தையற்பொறியின் பெட்டியை ஒத்த தோற்றம். ஏறத்தாழ 24 இறாத்தல் நிறை. மூடியைத் திறந்தால் அதுவே விசைப்பலகை. ஐந்து அங்குலத் திரை. இரண்டு நெகிழ்வட்டுச் செலுத்திகள். விமான இருக்கையின் கீழ் வைக்கும் அளவினது. விலை 1,795 டொலர். கடிதம் எழுதவும் கணக்கு விரிதாள் அமைக்கவும் செய்நிரல் ஆக்கவும் உதவும் மென்பொருள்கள் அவ்விலையிலேயே அடங்கின. அம்மென்பொருள்களைத் தனித்து வாங்கினால், அவற்றின் விலையே பொறி முழுவதன் விலையை நெருங்கும்.

கையிற் சுமந்து செல்லத்தக்க கணினிகளுள் வணிகத்தில் முதன்முதல் வெற்றி கண்டது இதுவேயாம். இன்று நம் மாணாக்கர் தோளிற் கொண்டு திரியும் மடிக்கணினிக்கு இப்பெட்டியை முப்பாட்டன் எனலாம். செய்தியாளரும் கணக்காளரும் வணிகரும் அதனை விரும்பி வாங்கினர். விற்பனை உச்சமுற்ற காலத்தில் ஒரே மாதத்தில் 10,000 பொறிகள் விலைபோயின. இரண்டாம் ஆண்டில் நிறுவனத்தின் வருவாய் 7 கோடி டொலரளவிற்கு உயர்ந்தது. சிலரோடு தொடங்கிய இடத்தில் நூற்றுக்கணக்கானோர் பணியாற்றினர்.

எதிர்வந்தோர்

தேன் கண்ட இடத்திற்கு வண்டு வருதல் இயல்பு. 1982 இல் கேப்ரோ என்னும் பொறி வந்தது. ஒஸ்போர்ன் பொறியை ஒத்தே அமைந்து, ஏறத்தாழ அதே விலைக்கு ஒன்பது அங்குலத் திரையைத் தந்தது. சிறு திரையை உற்றுநோக்கிக் கண் நொந்தோர் அதனை நாடினர். விலையும் எளிமையும் ஒஸ்போர்னுக்கே உரிய படைக்கலங்களாக இனி இல்லை.

இதனினும் வலிய எதிரி வேறு திசையிலிருந்து வந்தது. பேரியந்திரங்களின் வணிகத்தில் முடிசூடா மன்னராக விளங்கிய ஐ.பி.எம். நிறுவனத்தார், 1981 ஆகஸ்ட் 12 ஆம் நாள் தம் தனியார் கணினியை அறிவித்தனர். காலத்தை மிச்சம் பிடிக்கும் பொருட்டு அவர்கள் அதன் உறுப்புகளைப் பிறரிடம் வாங்கிப் பொருத்தினர். அதன் பணிசெயல் முறைமையை, அஃதாவது பொறியை ஆளும் அடிப்படைச் செய்நிரலை, மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் தந்தனர். அதனைப் பிறர்க்கும் விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஐ.பி.எம். என்னும் பெயரின் மதிப்பால் அலுவலகங்கள் அப்பொறியை வாங்கின. வாங்குவோர் பெருகவே செய்நிரல் எழுதுவோர் அதற்கே எழுதினர். செய்நிரல் பெருகவே வாங்குவோர் மேலும் பெருகினர்.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. ஒரு சொல் எத்துணைச் செப்பமுடையதாயினும் வழக்கில் ஏறாவிடின் நிகண்டிலேயே உறங்கும். வழக்கில் ஏறிய சொல்லோ, குறையுடையதாயினும், பலர் நாவிற் பழகுதலாலேயே ஆட்சி பெறும். கணினிச் சந்தையில் ஐ.பி.எம். பொறி வழக்காறு ஆயிற்று.

இதனை நன்குணர்ந்தோர் ஹூஸ்ரன் நகரில் 1982 இல் தோன்றிய கொம்பாக் நிறுவனத்தார். ஐ.பி.எம். பொறியில் அந்நிறுவனத்துக்கே தனியுரிமையாயிருந்த உட்செய்நிரல் செய்யும் தொழிலை ஆராய்ந்து, அதன் எழுத்தைப் படியெடுக்காமல், அதே தொழிலைச் செய்யும் வேறொன்றைப் புதிதாக எழுதினர். அவர்கள் 1982 நவம்பரில் அறிவித்து அடுத்த ஆண்டில் விற்ற கைப்பெட்டிக் கணினி ஒஸ்போர்ன் பொறியினும் பாரமானது. விலையோ 2,995 டொலர். பாரமும் மிகுதி, விலையும் மிகுதி. ஆயினும் ஐ.பி.எம். பொறிக்கென எழுதிய செய்நிரல்கள் அதில் இயங்கின. முதலாண்டிலேயே 53,000 பொறிகளை விற்று, 11 கோடி டொலருக்கு மேல் ஈட்டினர் கொம்பாக் நிறுவனத்தார். மலிந்ததும் இலகுவானதும் தோற்க, அரியதும் பாரமானதும் வென்றதன் காரணம் இதுவே. கப்பல்கள் கூடிய துறையை நோக்கியே கப்பல்கள் சென்றன.

வீழ்ச்சி

ஒஸ்போர்ன் வாளாவிருந்தாரல்லர். 'எக்செக்கியூற்றிவ்' என்னும் புதிய பொறியை 1983 இல் வெளியிட ஆயத்தமானார். ஏழு அங்குலத் திரை. விலை 2,495 டொலர். அது விற்பனைக்குப் போதிய அளவில் வந்து சேருமுன்னரே அதனைப் பற்றிய பேச்சு விற்பனை முகவரை எட்டிற்று. இன்னும் மேம்பட்டவை பின்னே வருகின்றன என்னும் பேச்சும் பரவியது. முகவர் பழைய பொறிக்குக் கொடுத்திருந்த கோரிக்கைகளை நிறுத்தினர். பண்டசாலையிற் பழையது தேங்கியது. பண வரவு வற்றியது.

அதே வேளையில் நிறுவனப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று முதல் திரட்டும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. கணக்குகளைத் துருவிப் பார்த்தபோது ஆதாயம் என்று எண்ணியிருந்தது நட்டமாக முடிந்தது. பங்கு விற்பனை கைவிடப்பட்டது. பழைய பொறியின் விலையைக் குறைத்தும் பயனில்லை. 1983 செப்டெம்பர் 13 ஆம் நாள், ஒஸ்போர்ன் கணினி நிறுவனம் கடன் தீர்க்க வகையின்றி நீதிமன்றத்திற் காப்பு வேண்டி நின்றது. எழுந்து வீழ்ந்ததெல்லாம் மூன்றாண்டிற்குள் அடங்கிற்று. வேலையிழந்த குடும்பங்களின் துயர் எந்த வணிகப் பாடநூலிலும் விரிவாக எழுதப்படுவதில்லை.

முந்திப் பேசிய வாய்ச்சொல்லே கெடுத்தது என்று உலகம் தீர்ப்பளித்தது. அச்சொல்லுக்குப் பங்கில்லை என்று யான் வாதிடமாட்டேன். ஆயினும் பெரிய திரையோடு கேப்ரோ வந்தமையும், ஐ.பி.எம். வழக்காறு நிலைபெற்றமையும், விரைந்து பெருத்த நிறுவனத்திற் கணக்கும் கட்டுப்பாடும் தளர்ந்தமையும் அத்தீர்ப்பில் இடம்பெறவில்லை. அந்நாளில் அங்குப் பணிசெய்தோர் சிலரும் பிற்காலத்தில் இக்காரணங்களையே எடுத்துக்காட்டினர். புதிய பொறியைப் பற்றி ஒருவரும் வாய்திறவாது இருந்திருப்பினும், வழக்காற்றோடு பொருந்தாத பெட்டி எத்துணைக் காலம் நின்றிருக்கும்?

இரண்டாம் போர்

தோல்வியின் அடுத்த ஆண்டே, 1984 இல், அவர் மென்பொருள் நிறுவனமொன்றைத் தொடங்கினார். கணக்கு விரிதாள் செய்நிரலாகிய 'லோட்டஸ் 1-2-3' அப்பொழுது 495 டொலருக்கு விற்று அலுவலகங்களை ஆண்டுகொண்டிருந்தது. நூலின் விலைக்கே மென்பொருளை விற்கலாம் என்பது ஒஸ்போர்ன் துணிபு. 'வீ.பி. பிளானர்' என்னும் அவருடைய செய்நிரல் 100 டொலருக்கும் குறைந்த விலையில் அதே தொழிலைச் செய்தது. முதற்போரிற் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. இம்முறை வழக்காற்றோடு முற்றும் பொருந்தினார். லோட்டஸ் பழகியவர் புதிதாகக் கற்கவேண்டாதபடி கட்டளைகளின் வரிசையையும் அவ்வாறே அமைத்தார்.

1987 இல் லோட்டஸ் நிறுவனத்தார் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தனர். 1990 யூன் மாதத்திற் பொஸ்ரன் நகர நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஒஸ்போர்ன் அந்நிறுவனத் தலைமையை விட்டு விலகினார். விதியின் விளையாட்டை நோக்குமின்! பொருந்தாமையால் ஒருமுறை தோற்றார். பொருந்தியமையால் மறுமுறை தோற்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. அதே லோட்டஸ் நிறுவனத்தார் போர்லண்ட் என்னும் மற்றொரு நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், 1995 இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய கட்டளை வரிசைக்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்த்தது. 1996 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்து நீதியரசர் இருபாலும் சரிநிகராய்ப் பிரிந்தமையால் அத்தீர்ப்பே நிலைத்தது. ஒஸ்போர்ன் எடுத்து நின்ற நிலைப்பாடு நியாயமானதென்று சட்டம் உரைத்தபோது அவருடைய கடை மூடிக் கிடந்தது. அவரும் அமெரிக்காவில் இல்லை.

மலைநாடு மீண்டார்

மூளையின் நுண்குழாய்களைத் தாக்கிய நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1992 இல் அவர் இந்தியாவுக்கு மீண்டார். சிறு வயதிற் பயின்ற கோடைக்கானலில், உடன்பிறந்தாளின் அரவணைப்பில், பெரும்பாலும் உலகம் மறந்த நிலையிற் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 2003 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள், தமது 64 ஆம் வயதிற் காலமானார்.

அவரை வென்றோர் யாது ஆயினர்? கொம்பாக் 2002 இல் வேறொரு பெருநிறுவனத்துட் கலந்து மறைந்தது. கொமடோர் 1994 இலேயே வீழ்ந்துபட்டது. வழக்காறு வகுத்த ஐ.பி.எம். நிறுவனத்தாரும் 2005 இல் தம் தனியார் கணினி வணிகத்தைச் சீன நாட்டு லெனோவோ நிறுவனத்தார்க்கு விற்று அக்களத்தை விட்டு அகன்றனர். சந்தைப் பங்கு என்பது எவர்க்கும் சாசனம் எழுதித் தரப்பட்ட காணியன்று. ஒஸ்போர்ன் மூன்றாண்டில் இழந்ததைப் பிறர் இருபது முப்பது ஆண்டுகளில் இழந்தனர் என்பதே வேறுபாடு.

பெயரும் பழியும்

இலக்கண நூலார் ஆகுபெயர் பலவற்றை வகுத்துள்ளனர். செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருவது அவற்றுள் ஒன்று. ஒஸ்போர்ன் பெயர் அவர் செய்த பெட்டிக்கு ஆகி நிலைத்திருப்பின் அது முறையாயிருக்கும். கையிற் கொண்டு செல்லும் கணினி, பொறியோடு மென்பொருளையும் ஒரே விலைக்குள் அடக்கித் தருதல், நூலைப்போல மலிந்த விலைக்குச் செய்நிரல் என இவையெல்லாம் இன்று உலகெங்கும் இயல்பாயின. இவற்றை முன்னின்று நடத்திக் காட்டியவரின் பெயரோ அவர் செய்த ஒரு பிழைக்கு மட்டும் ஆகிவருகின்றது.

வணிகம் பயிற்றும் ஆசிரியர்கள் 'ஒஸ்போர்ன் விளைவு' என்னும் தொடரைக் கற்பிக்கும்போது, அருணை மலையடியில் தமிழ் பேசி வளர்ந்த சிறுவனையும் ஒரு நிமிடம் நினைவுகூர்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிழையைக் கற்பிக்க வேண்டாமென்று யான் கூறவில்லை. கனியாத காயைப் பறித்துக் காட்டினால் கையிலுள்ள கனியும் விலைபோகாது என்னும் பாடம் நன்று. அதனோடு, தக்கதைச் செய்தவரும் கூட்டம் கூடாத துறையில் நின்றால் தோற்பர் என்பதையும், பிந்தி வரும் நியாயம் தோற்றவரை மீட்டுத் தராது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் நேர்மையாகும்.

மாலையில் உட்டுறைமுகக் கரையோரம் நடக்கும்போது, ஆழ்ந்து பரந்த நம் குடாவைக் காண்கின்றேன். கப்பல் குறைந்தமையால் அதன் ஆழம் குறைந்துவிடவில்லை. சந்தையின் கணக்கேட்டைக் கொண்டு துறையை அளத்தல் தகாதென்பதை நாம் அறிவோம். மனிதரை அளக்கும்போதும் அதனை மறவாதிருத்தல் நம் கடனாகும்.